ஒத்தக்காதன்

போன மாதம் எங்கள் பள்ளிக்கு ஆய்வாளர் வந்திருந்தார். என் மேசையின் வலது மூலையில், சேர்க்கைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த சின்ன இருப்புச்சட்டியைப் பென்சில் நுனியால் தட்டி, “இது என்ன சார், இங்கே?” என்று கேட்டார். சட்டி ‘ணங்’ என்றது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அது அங்கே எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, “காகிதம் பறக்காம இருக்கிறதுக்கு சார்” என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், குறித்துக்கொண்டு போனார். பதினைந்தே நாளில் காகிதத்தின் மேல் வைக்கிற ஒரு கண்ணாடிக் குண்டு, உள்ளே சிவப்புப் பூ வைத்தது, பொட்டலமாக வந்து சேர்ந்தது. இப்போது மேசையில் இரண்டும் இருக்கின்றன. கண்ணாடிக் குண்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொன்ன பொய் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. வகுப்பில் நின்றாலும் நடந்தாலும் இருப்புக் கொள்ளவில்லை. அவரிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சட்டி வார்ப்பிரும்பு. உழக்கு அரிசிக்கு மேல் அதில் பொங்க முடியாது. அடி தட்டை. விளிம்பில் இரண்டு காதுகள் இருந்திருக்க வேண்டும். ஒன்று ஒடிந்து மொட்டையாக நிற்கிறது. மூடி கிடையாது. உள்ளே விரலால் தடவினால் வேர்க்குரு வந்த முதுகுபோலச் சொரசொரவென்று இருக்கும். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் மதினியோடு அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான் அப்போது தென்காசியில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்ட பிறகு, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன்தான் எனக்கு எல்லாம். குற்றாலத்தில் பேரருவிக்குக் கீழே, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை மிதித்த முதல் ஆள் நான். அண்ணனுக்குத் தன் பெயரை எழுத வராது. எழுத வேண்டிய அவசியமும் அதுவரை வந்ததில்லை. மதினி இலத்தூர்க்காரி. அவளுக்கு மூத்தவர்கள் மூன்று பேர். பித்தளையும் வெண்கலமும் அக்காள்மாரோடு போய், கடைக்குட்டிக்கு மிஞ்சியது நாலு மண்பானையும் இந்தச் சட்டியும். வண்டியிலிருந்து சாமான் இறக்கும்போது எதிர்வீட்டு ஆச்சி அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏட்டி, சீர்ச்சட்டியில ஒரு காதக் காணலையே, வழியில எவனும் கழத்திக்கிட்டானா?”

வந்து அரை மணி நேரம் ஆகாத புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டே, “ஒரு காது போதும் ஆச்சி. நல்லத மட்டும் கேக்கட்டும்னு நான்தான் ஒண்ண எடுத்து வச்சுட்டேன்” என்றாள். ஆச்சி வெற்றிலை வாயோடு சிரித்துவிட்டாள். அன்றையிலிருந்து அதற்கு ஒத்தக்காதன் என்று பெயர்.

எங்கள் வீட்டில் ஏனங்கள் குறைவு, அதனால் ஒரே சட்டி பல வேலை செய்தது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மதினியின் கைக்கு ஓய்ந்திருக்கத் தெரியாது. ஒரு பொருளைப் பார்த்தால் அது என்னவாக இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிதில்லை. வேறு என்னவாக இருக்கும் என்பதுதான். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “இவனுக்கு இன்னும் என்னமோ தெரியும் தம்பி, சொல்ல மாட்டேங்கான்” என்பாள். சாரல் மாதங்களில் எங்கள் பக்கம் உப்பு நீர்த்துப் போகும், தீக்குச்சி பற்றாது, துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. சமையல் முடிந்த சூட்டில் உப்பைச் சட்டிக்குள் கொட்டி வைப்பாள். உப்பு உதிரியானதும் அந்த இடத்துக்குத் தீப்பெட்டி வரும். அதற்குப் பிறகு என் ஈரப் புத்தகத்தின் அட்டை. குரங்குகள் தூக்கிப்போகாமல் இருக்க வெல்லக்கட்டியை வைத்து மேலே சட்டியைக் கவிழ்ப்பாள். குரங்குகளுக்கு மண்பானையை உருட்டத் தெரியும், இரும்பை அசைக்க வராது என்பது அவள் கணக்கு. ஒரு நாள் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு மிச்சமிருந்த அந்த ஒற்றைக் காதைப் பிடித்துச் சட்டியையே தூக்கிக்கொண்டு கூரையில் ஏறியது. அங்கே போனதும் கனம் தாங்காமல் போட்டுவிட்டது. இரண்டு ஓடு உடைந்து சட்டி வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்தது. அந்தச் சாரல் முழுவதும் ஓட்டை வழியாக ஒழுகிய தண்ணீரைப் பிடிக்க அதே இடத்தில் அதே சட்டியைத்தான் வைத்தோம். “செஞ்சதுக்குக் காவல் நில்லுலே” என்று மதினி அதைத் திட்டினாள்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இரும்பில் விழும் சத்தத்தில் எனக்குப் படிப்பு ஓடவில்லை. எழுந்து வெளியே போவேன், திரும்பி வருவேன், புத்தகத்தைத் திறப்பேன், மூடுவேன். எனக்கு இயல்பாகவே அப்படி ஒரு பரபரப்பு உண்டு. படித்து முடித்து இந்த ஈரத்தைவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைவிட்டு எப்போது போவோம் என்பதே நினைப்பு. நான் ஒன்றும் சொல்லாமலே மதினி தேங்காய்நார் ஒரு பிடி எடுத்துச் சட்டிக்குள் போட்டாள். சத்தம் நின்றது. நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதாக ஞாபகமில்லை.

திங்கட்கிழமை காலைகளில் சட்டிக்குள் அடுப்புக் கங்கு போட்டு, அடியைச் சாம்பல் போக வாழைமட்டையால் துடைத்து, இருந்த ஒற்றைக் காதைத் துணியால் பிடித்து என் சட்டைக்கு இஸ்திரி போடுவாள். ஒரு தடவை சட்டியைத் தூக்கத் தாமதமாகி, முதுகுப் பக்கம் பிறை மாதிரி ஒரு பழுப்புத் தடம் விழுந்துவிட்டது. எனக்கு இருந்தது இரண்டு சட்டை. நான் கத்தினேன். அவள் தடத்தைப் பார்த்துவிட்டு, “முதுகுலதான தம்பி. ஒங்களுக்குத் தெரியாதுல்லா” என்றாள். பள்ளியில் அன்று முழுக்க சுவரோரமாகவே நடந்தேன்.

மையும் அந்தச் சட்டியில்தான் பிறந்தது. அண்ணனுக்கு ஈறு வீங்கியிருந்தபோது, வாய் கொப்பளிக்க மலையிலிருந்து வரும் கடுக்காயைத் தட்டிப்போட்டு ராத்திரி சட்டியில் ஊறவைத்தாள். விடிந்து பார்த்தால் தண்ணீர் கன்னங்கரேலென்று இருந்தது. இரும்பும் கடுக்காயும் சேர்ந்தால் அப்படி ஆகும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. விஷம் என்று பயந்து வெளியே கொட்டினாள். சேலை முந்தியில் தெறித்தது. மூன்று நாள் துவைத்தும் போகவில்லை. நாலாம் நாள் என்னிடம் வந்து, “கழுவக் கழுவப் போவமாட்டேங்கு தம்பி. இதுல எழுதுனா ஒங்க படிப்பும் போவாதுல்லா?” என்றாள். மறுபடி ஊறவைத்து, காய்ச்சி, வடிகட்டி, கருவேலம்பிசின் சேர்த்து, ஒரு மருந்துப் புட்டியில் ஊற்றித் தந்தாள். எழுதும்போது வெளிறித் தெரியும். காயக் காயக் கறுக்கும். தலைமையாசிரியர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, “இது என்ன மைலே?” என்று கேட்டார். கடுக்காய் மை என்றேன். “எனக்கே கடுக்காய் குடுக்கியா?” என்று அவர் கேட்டதும் வகுப்பே அதிர்ந்தது. அவர் கேலியாகத்தான் சொன்னார், மார்க்கும் குறைக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கடுக்காய் என்று பெயர் விழுந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் புட்டியைச் சிற்றாற்றில் எறிந்தேன். மதினியிடம் தவறி விழுந்து உடைந்துவிட்டது என்றேன். மறுநாளே இன்னொரு புட்டி காய்ச்சி வைத்திருந்தாள்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். எங்கள் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாவிட்டாலும் எல்லோரும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் அன்றைக்கே தச்சனிடம் போய்ப் பலா மரத்தில் ஒரு பலகை செய்யச் சொல்லிவிட்டு வந்தார். எண்ணெய் தேய்க்க ஆட்களைப் படுக்க வைக்கும் பலகை. இரண்டாவது பலகை.

“எழுதப் படிக்கத் தெரிஞ்சுட்டு. போதும்லே. சீசனுக்கு ரெண்டு கை பத்தல” என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனி, ஆடியில் கூட்டம் சாயும்போது காலையிலிருந்து மாலை வரை நிமிராமல் தேய்ப்பார். வீட்டுக்கு வரும்போது இரண்டு மணிக்கட்டும் வீங்கி, தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போது கை நடுங்கும். மதினி சட்டியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பாள். அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கான விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தபோது, எனக்கு அந்த மணிக்கட்டுகள் நினைவுக்கு வரவில்லை. இரண்டு வருஷம், சாப்பாடு, தங்குமிடம், முடித்தால் வேலை. கடைசிப் பக்கத்தில் பாதுகாவலரின் கையெழுத்து, அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை. “சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குத் தபாலில் சேர்க்கணும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது” என்று சொல்லி, பள்ளியின் மைப்பெட்டியையும் ஒரு தாளில் சுற்றித் தந்தார். அது புதன்கிழமை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விண்ணப்பத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். அண்ணன் வீட்டுக்கு வந்தால் நான் வெளியே போவேன். அவர் தூங்கிய பிறகு வருவேன். இலஞ்சி வரை நடந்துபோய் ஒரு காரணமும் இல்லாமல் திரும்பினேன். கேட்டு, ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமை அந்தப் பலாப் பலகைக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். கேட்காவிட்டாலும் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதினியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. அவள் கை நின்று நான் பார்த்தது அபூர்வம்.

“நாளைக்கு அருவிக்கு வாங்க. வீட்டுல கேட்டா வேண்டாம்பாக. அங்கன நாலு பேரு முன்னால தம்பிக்கு மாட்டேன்னு சொல்ல ஒங்க அண்ணனுக்கு வாய் வராது” என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அருவியில் தண்ணீர் மண்ணும் மரக்கிளையுமாக விழுந்துகொண்டிருந்தது. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். எண்ணெய்க்காரர்களின் சாய்ப்புக் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி மதினி எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒத்தக்காதன் அடுப்பில் இருந்தான். சீசனில் அவன் வேலை அதுதான். அண்ணன் பலகையில் மதுரைப் பக்கத்து வியாபாரி ஒருவர் கவிழ்ந்து கிடந்தார். புதுப் பலகை பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டு, மழைச் சாரலில் மஞ்சளாக நனைந்துகொண்டிருந்தது. இன்னும் யாரும் அதில் படுக்கவில்லை.

நான் விண்ணப்பத்தைக் காட்டினேன். அண்ணன் அதை வாங்கவில்லை, கையில் எண்ணெய். குனிந்து பார்த்தார். எழுத்துத் தெரியாதவர் காகிதத்தைப் பார்ப்பதுபோல் இல்லை. வெகு நேரம் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

“எத்தன வருசம்?”

“ரெண்டு.”

வியாபாரி தலையைத் தூக்கி, “வச்சுக் குடுய்யா. தம்பி வாத்தியாராயிட்டா ஒனக்குப் பெருமைதானே?” என்றார். சுற்றி நின்ற எண்ணெய்க்காரர்கள் திரும்பினார்கள். மதினி கணக்குப் போட்டது இதைத்தான்.

“எங்கன வைக்கணும்?” என்றார் அண்ணன்.

விண்ணப்பத்தில் கட்டம் ஒன்றுதான். கெட்டுப்போகக்கூடாது என்று முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் வைக்கச் சொன்னேன். விரலை மைப்பெட்டியில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தார். ஊதா நிறத்தில் வெண்டைக்காய் மாதிரி ஒரு இழுப்பு விழுந்தது. ரேகை இல்லை. “இழுக்காம வையிங்கண்ணே” என்றேன். துண்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இந்தத் தடவை பல்லி வால்போல் நீண்டது.

“ஏன்யா, ஒரு கைநாட்டு வைக்கத் தெரியாதவன்கிட்டயா முதுகக் குடுத்துருக்கேன்?” என்றார் வியாபாரி.

அண்ணன் சிரித்தார். “என் கையில ஏது மொதலாளி ரேகை? எல்லாம் ஒங்கள மாதிரி ஆட்க முதுகுல ஒட்டிக்கிட்டுப் போயிட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தென்காசிக்கு நடந்துபோக ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். ஓடினால் முக்கால். இவர் சிரிக்கிறார். பிறந்ததிலிருந்து அண்ணனை ‘நீங்க’ என்றே கூப்பிட்டவன் நான்.

“வேணும்னேதான் இழுக்கே நீ” என்று கத்தினேன். “இந்தப் பலகையில கெடந்து நானும் ஒன்னய மாதிரி நாறணும்னு ஆச ஒனக்கு!”

அருவியின் இரைச்சலையும் மீறி அது எல்லோர் காதிலும் விழுந்தது. வியாபாரி முகத்தைப் பலகையில் கவிழ்த்துக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். இறங்கிப்போய்த் தண்ணீரில் கையை விட்டு, மணலை அள்ளி அந்தப் பெருவிரலைத் தேய்த்தார், பாத்திரம் விளக்குவதுபோல. சீயக்காய்த் தூளை வாங்கித் தேய்த்தார். மதினியின் முந்தியில் துடைத்தார். திரும்பி வந்து மைப்பெட்டியில் வைத்தார். மை விரலில் ஒட்டவில்லை. சேம்பிலையில் விழுந்த தண்ணீர்போல முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. காகிதத்தில் இரண்டு பொட்டு மட்டும் விழுந்தது. பதினைந்து வருஷத்து எண்ணெய் அந்தத் தோலுக்குள் இருந்தது; தேய்க்கத் தேய்க்க அதுதான் மேலே வந்தது. அண்ணன் தன் விரலை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மதினி எழுந்தாள். அடுப்பிலிருந்த சட்டியை முந்தியால் பிடித்துத் தூக்கி, காய்ந்துகொண்டிருந்த எண்ணெய் முழுவதையும் பாறையில் கவிழ்த்தாள். பக்கத்தில் நின்றவர்கள் ஐயோ ஐயோ என்று துள்ளி விலகினார்கள். “ஏட்டி, என்ன செய்யுதே?” என்றார் அண்ணன். அவள் காதில் வாங்கவில்லை. கவிழ்ந்த சட்டியின் அடியை, வருஷக்கணக்கான கரி பட்டுப்போல் படிந்திருந்த அந்த வட்டத்தை, அவர் முன்னால் நீட்டினாள்.

“ஏலே ஒத்தக்காதா, இப்பமாவது சொல்லுலே” என்று சட்டியிடம் சொன்னாள். அண்ணனிடம், “இதுல வைங்க” என்றாள்.

அண்ணன் விரலைக் கரியில் வைத்து அழுத்தினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். மனசில்லாமல் வைக்கிறார் என்று நினைத்தேன். துண்டுக் காகிதத்தில் சோதித்துப் பார்க்க நேரமில்லை; நேராக விண்ணப்பத்தின் கட்டத்தில் வைத்து எடுத்தார். எண்ணெய் விரட்டியடித்த மை எங்கே, எண்ணெயோடு கூடிக்கொண்ட கரி எங்கே! சுழி சுழியாக, கோடு கோடாக, மரத்தை அறுத்த வட்டம்போல ரேகை எழுந்து நின்றது. குறுக்கே, என்றோ எண்ணெய்ப் புட்டி கிழித்த தழும்பு வெள்ளையாக ஓடியது. எண்ணெய்க்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் அதை வாழைச்சருகில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியர் கட்டத்தை மூக்கருகே வைத்துப் பார்த்து, மோந்தும் பார்த்தார். சட்டிக் கரி என்றேன். “அன்னிக்குக் கடுக்காய் குடுத்தே, இன்னிக்குக் கரி பூசுதியாலே?” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டுக்குக் கொஞ்சம் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஆய்க்குடிக்கு அப்பால் இந்த ஊரில் எனக்கு வேலை கிடைத்தது. தனியாகப் பொங்கிச் சாப்பிட வேண்டும். புறப்படும்போது மதினி என் பெட்டியைத் திறந்து துணிகளுக்கு நடுவில் சட்டியை வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. அலுமினியப் பாத்திரம் வாங்கிக்கொள்கிறேன், இது எதற்கு, பெட்டி கனக்கிறது என்றேன். “இருப்புக் கொள்ளாத ஆளு நீங்க. இந்த இருப்பாவது கூட இருக்கட்டும்” என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டாள். அதைக் கேட்டு வாசலில் நின்ற அண்ணன்கூடச் சிரித்தார். அருவியில் நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசியதில்லை. நான் மறுபடி ‘நீங்க’ என்றே கூப்பிட்டு வந்தேன். அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆடியில் விடுப்பெடுத்து ஊருக்குப் போயிருந்தேன். மதினி உளுந்து வறுத்துக்கொண்டிருந்தாள், புது வாணலியில். இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருந்ததை அவளிடம் கேட்டேவிட்டேன். அன்று அண்ணனை நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டேனே, அவர் அதை மனதில் வைத்திருக்கிறாரா என்று. அவள் கரண்டியை நிறுத்தாமல் சொன்னாள்:

“நீங்க சொன்னது நெசந்தான தம்பி. மொதல்ல ரெண்டு தடவ வேணும்னுதான் இழுத்தாக. எனக்குத் தெரியாதா அவுக கைய?”

நான் அடுப்புப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“நீங்க கத்துனதுக்கப்புறம் மூணாவதா வச்சாகள்லா, அது நெசமா வச்சாக. அது வரல. அப்பந்தான் பயந்துட்டாக. தான் செஞ்ச வெளையாட்டு நெசமாயிட்டேன்னு அந்த மூஞ்சியப் பாத்தப்பறந்தான் எனக்கு எண்ணெயக் கொட்டத் தோணிச்சு. அதுக்கு முன்னால தோணல.” உளுந்தைக் கிளறிவிட்டு, “அடுப்புல இருந்த சட்டில்லா தம்பி. அடி கொதிச்சுக் கெடந்துச்சு. வெரல்ல கொப்புளம் போட்டுட்டு. நாலு நாளு ஒத்தக் கையாலதான் தேய்ச்சாக, நல்ல சீசன்ல. ஒங்கட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாக” என்றாள்.

அன்று மாலை அருவிக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் பலாப் பலகையைக் காட்டி, “படுலே” என்றார். இன்றைக்கு அது கறுத்து மினுங்குகிறது; இரண்டாவது கை வராமலே, ஒருவருக்குத் தேய்க்கும்போது அடுத்தவர் காத்துக்கிடக்கும் பலகையாகிவிட்டது. கவிழ்ந்து படுத்தேன். எனக்கு அவர் எண்ணெய் தேய்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருவிரல் கழுத்திலிருந்து முதுகெலும்பு வழியாக இறங்கியது. அதில் தழும்பு இருக்கிறதா, ரேகை இருக்கிறதா, முதுகுக்குத் தெரியவில்லை. எழுந்து முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை அசைந்தேன். “ஆடாம கெடலே. பள்ளிக்கூடத்துல எப்படித்தான் ஒரு எடத்துல நிக்கியோ” என்று கத்தினார். அருவி இரைந்துகொண்டிருந்தது. சொல்லவில்லை.

இனி அந்தச் சட்டி என் மேசையில் ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடலாம். இந்த ஊரில் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கைநாட்டு. மண் வெட்டிக் காய்த்த விரல், கள்ளிப்பால் பட்டு வெடித்த விரல், சுண்ணாம்பில் அரித்த விரல். மைப்பெட்டி வெயிலில் காய்ந்து கிடக்கும். நான் ராந்தல் திரியை ஏற்றிச் சட்டியின் அடியில் கரி பிடித்து வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். எந்த விரலும் அதில் ரேகை கொடுத்துவிடும். ஆறியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் என் விரலை முதலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று காலை ஆடு மேய்க்கும் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழு வயதிருக்கும். அவள் அம்மா வற்புறுத்தி அனுப்பியிருக்கிறாள் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. “ஆட்டுக்கு ஒரு ஆளு கொறையுது சார்” என்று இரண்டு முறை சொன்னார். பதிவேட்டை விரித்து மைப்பெட்டியை நீட்டினேன். இன்றைக்குத்தான் மை ஊற்றியிருந்தேன். துண்டுக் காகிதத்தில் விரலை வைத்தார். இழுபட்டது. மறுபடி வைத்தார். அதுவும் இழுபட்டது. “வரமாட்டேங்குதே சார்” என்று சிரித்தார். சிறுமி அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ‘வேணும்னே’ என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

விழுங்கினேன். கண்ணாடிக் குண்டை ஒதுக்கிவிட்டு ஒத்தக்காதனை நடுவில் நகர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவினேன்.

“ரெண்டு தடவ எல்லாருக்கும் அப்படித்தான் அண்ணாச்சி” என்றேன். “மூணாவது தடவ வரும்.”

அவர் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். விரலை வைத்து அழுத்தினார்.